அந்தமானில் தொல்லை, கொளத்தூரில் ஒன்றுகூட இல்லை: தவளையைத் திருப்பிக் கொண்டுவரலாமா?

கொளத்தூர் மீன்கடை

வணக்கம். கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். தொட்டி மீன், தாமரை, அல்லி, வேலம்பாசி, கூழாங்கல், இவைதான் வியாபாரம். ஆனால் கேட்க வந்தது மீனைப் பற்றி அல்ல, தவளையைப் பற்றி.

என் மனைவியின் தம்பி அந்தமானில், ரங்கட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். கொஞ்சம் நிலம், பாக்கு மரங்கள், வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை, குட்டையில் கட்லாவும் ரோகுவும். கோழியும் வாத்தும் வளர்க்கிறான். அண்மையில் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். உள்ளங்கையில் அடங்காத தவளை. எலுமிச்சை மஞ்சள் நிறம், தாடையின் இரு பக்கமும் ஊதிய நீலப் பை. இன்னொரு படத்தில் அதே இனத்துத் தவளை, பச்சை நிறத்தில். வாயிலிருந்து வாத்துக்குஞ்சின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. "இது உங்கள் ஊர்ச் சரக்கு அத்தான், முன்பு இங்கே கிடையாது. வந்து அள்ளிக்கொண்டு போங்கள்" என்று கீழே எழுதியிருந்தான்.

எனக்குப் படத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, ஏக்கம்தான் வந்தது. நான் செங்குன்றம் பக்கத்தில் வளர்ந்தவன். ஐப்பசி மழை இறங்கியதும் வயலில் இந்தத் தவளைகள் போடும் கூச்சலில் பேச்சே கேட்காது. இப்போது கொளத்தூரில் எத்தனை மழை பெய்தாலும் மோட்டார் ஓடும் சத்தம்தான் கேட்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத்திலோ கொசுவைப் பற்றிப் பேசாத கூட்டம் கிடையாது.

ஆகவே கேட்கிறேன். இது உண்மையிலேயே நம் ஊர்த் தவளைதானா? அங்கே தொல்லை, இங்கே பஞ்சம் என்றால், கப்பலில் சில ஜோடிகளைக் கொண்டுவந்து ரெட்டேரியில் விட்டால் இரண்டு ஊருக்கும் நல்லதுதானே? அந்தமானுக்கென்று சொந்தத் தவளைகள் இருக்கின்றனவா, இந்தப் பெரியவனால் அவற்றுக்கு ஆபத்து உண்டா? கேலி செய்யாமல் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

ஆவடி வண்டிக்காரர்

கேலி செய்ய வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ஆசை வருகிறது. கொண்டுவந்து ஏரியில் விடுவானேன்? தொடையை வறுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் உங்கள் மைத்துனர் மீனைவிட அதிகம் சம்பாதிப்பார். என் பெரியப்பா காலத்தில் இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கை எடுத்துக்கொண்டு தவளை பிடிக்கப் போவார்களாம், விலைக்கு வாங்க ஆள் வந்து நிற்குமாம்.

தாம்பரம் விலங்கியல்

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தவளையை அறுத்துக் காட்டியே பாதி ஆயுள் போனது. அந்தக் கடனைத் தீர்க்கவாவது கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆவடிக்காரருக்கு. உங்கள் பெரியப்பா காலத்துக் கதை உண்மைதான். 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நான்காயிரம் டன்னுக்கு மேல் தவளைத் தொடை இந்தியாவிலிருந்து கப்பலேறியது. 1987-இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போய், மருந்துக்குச் செலவழிக்க வேண்டி வந்தது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆகவே அந்த வியாபாரத்தை மறந்துவிடுங்கள்.

இனி கொளத்தூர்க்காரருக்கு. ஆம், நம் ஊர்த் தவளையேதான். ஹோப்லோபட்ராகஸ் டைகரினஸ். இந்தியத் துணைக்கண்டத்துச் சமவெளி முழுவதும் வாழ்வது. நம் நாட்டுத் தவளைகளில் இதைவிடப் பெரியது அரிது. மஞ்சளும் நீலமும் ஆணுக்கு மட்டும், அதுவும் முதல் மழையில் இணை தேடும் சில நாட்களுக்கு மட்டும். மற்ற நாட்களில் பச்சையும் பழுப்புமாக முதுகில் மஞ்சள் கோடு ஓட உட்கார்ந்திருக்கும். வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும். வண்டு, நண்டு, எலிக்குஞ்சு, சின்னப் பாம்பு, தன் இனத்துக் குட்டி, எதுவானாலும் சரி. வாத்துக்குஞ்சு அதற்கு வியப்பான உணவு அல்ல.

அந்தமானுக்கு அது போனது 2000-க்குப் பிறகு. நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீஸி என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய வழி எனக்கு மிகவும் பிடித்தது. தீவுகளில் ஏறக்குறைய 90 கிராமங்களுக்குப் போய், "இந்தத் தவளையை உங்கள் ஊரில் முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்று குடியானவர்களிடம் கேட்டார்கள். கோழி வளர்ப்பவரும் குட்டை வைத்திருப்பவரும் இப்படிப்பட்ட விருந்தாளியை மறக்கமாட்டார்கள் அல்லவா? பதில்களை ஆண்டுவாரியாக அடுக்கியதும் பரவிய வரைபடம் கிடைத்துவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட கிராமங்களில் அது வந்துவிட்டது. சில ஆண்டுகள் மெதுவாக இருந்து, பிறகு சடசடவென்று பரவியிருக்கிறது. வந்த வழிகளில் முக்கியமானது என்ன தெரியுமா? மீன்குஞ்சு. வளர்ப்புக் குட்டைகளுக்காகப் பெருநிலத்திலிருந்து போகும் மீன்குஞ்சுகளோடு தலைப்பிரட்டைகளும் கலந்து போயின. நீங்கள் மீன் வியாபாரி என்பதால் இந்த வரியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

பெரிய தவளை சின்னத் தவளையைத் தின்கிறது என்பதோடு கதை முடிந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உண்மையான அடி தண்ணீருக்குள் விழுகிறது. நம் பெருந்தவளையின் தலைப்பிரட்டை பாசி மேய்கிற சாது அல்ல; இறைச்சி தின்பது. பக்கத்தில் நீந்துவது வேற்றினமானாலும் சரி, உடன்பிறப்பானாலும் சரி, கடித்துத் தின்னும். அந்தமானில் மட்டுமே வாழும் இரண்டு சிறு தவளைகள் உண்டு: மைக்ரோஹைலா சக்ரபாணி, கலௌலா கோஷி. முன்னது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. இரண்டும் பெருந்தவளை முட்டையிடும் அதே மழைக் குட்டைகளில், அதே மழையில் முட்டையிடுகின்றன. இவற்றின் தலைப்பிரட்டைகளைப் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளோடு ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். நாட்டுத் தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. 2019-இல் வெளிவந்த ஆய்வு இது. "குறைந்தது" என்று எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். ஒன்றுகூட இல்லை என்பதைப் படித்துவிட்டு அன்று சமையல்கூட ஓடவில்லை.

தீவில் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்பீர்கள். தவளையின் தோல் தண்ணீரை உறிஞ்சும் தோல். முட்டைக்கு ஓடு கிடையாது. உப்பு நீர் இரண்டையும் வற்றவைத்துவிடும். சதுப்பு மாங்குரோவ் காட்டில் வாழும் நண்டுண்ணித் தவளை போன்ற ஒரு சிலவே இதற்கு விலக்கு. அது இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்பைச் சமாளிக்கிறது. மற்றவற்றுக்குக் கடல் என்பது சுவர். நடுக்கடல் தீவுகளில் தவளையே இல்லை என்பதை டார்வின் 1859-இலேயே கவனித்து எழுதினார். கூடவே, மதீரா, அசோர்ஸ், மொரீஷியஸ் தீவுகளுக்கு மனிதர்கள் தவளையைக் கொண்டுபோய் விட, அது பெருகித் தொல்லையானது என்றும் எழுதினார். ஆக, தீவு தவளைக்கு ஏற்ற இடம் இல்லை என்பதல்ல காரணம். போய்ச்சேர வழி இல்லை, அவ்வளவுதான். வழியை நாம் போட்டுக் கொடுத்தோம்.

அந்தமான் முற்றிலும் நடுக்கடல் தீவு அல்ல. பர்மாவின் அராக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மீண்டும் தலைநீட்டும் இடம். அதனால் அங்கே சொந்தத் தவளைகள் உண்டு, அவற்றில் சில விசித்திரமானவை. அந்த டார்வின் பெயரிலேயே ஒன்று இருக்கிறது, மினர்வேரியா சார்லஸ்டார்வினி. மழைநீர் தேங்கிய மரப்பொந்தின் உட்சுவரில் ஆணும் பெண்ணும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இணைசேர்ந்து, தண்ணீருக்கு மேலே சுவரிலேயே முட்டையை ஒட்டுகின்றன. பொரிந்த குஞ்சு நழுவிக் கீழே தண்ணீரில் விழும். தலைகீழாக முட்டையிடும் வேறு தவளையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இணை கிடைக்காத ஆண்கள் சேர்ந்திருக்கும் ஜோடியை உதைத்தும் கடித்தும் பிரிக்கப் பார்க்கும். கல்யாண வீட்டில் சண்டை போடும் பங்காளிகளைப் போல. இன்னொன்று, மரத்தில் ஏறி வாழும் ஒரு குட்டித் தேரை, பிளைதோஃப்ரைன் பெர்யெட். 2016-இல் புது இனமாக மட்டுமல்ல, புதுப் பேரினமாகவே விவரிக்கப்பட்டது. அதன் தலைப்பிரட்டையும் மரப்பொந்துத் தண்ணீரில்தான் வளர்கிறது.

பொந்தில் வளரும் இவற்றின் தலைப்பிரட்டைகளைப் பெருந்தவளையின் தலைப்பிரட்டை எட்டாது. தரைக் குட்டையை நம்பியவைதான் மாட்டிக்கொண்டன. ஆனால் பொந்துத் தவளைக்கு வேறு கவலை. காடு குறைந்த இடத்தில் அது நாற்றங்கால் நெகிழிப் பைகளிலும் எறியப்பட்ட டப்பாக்களிலும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அது நல்ல செய்தி அல்ல.

திருப்பிக் கொண்டுவரும் யோசனைக்கு என் பதில், வேண்டாம். தவளையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துச் சென்றால் அதன் தோலில் இருக்கும் பூஞ்சையும் கூடவே வரும். கைட்ரிட் என்ற பூஞ்சையால் உலகில் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன குறைந்துபோயின, அவற்றில் 90 அழிந்தே போயின என்று 2019-இல் கணக்கிட்டார்கள். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு விலங்கு வியாபாரத்துக்கு. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், ரெட்டேரி. நம் பெருந்தவளை முட்டையிட ஏரியைத் தேடுவதில்லை. மழையில் நிரம்பி, சில வாரங்களில் வற்றும் ஆழமில்லாத தண்ணீரைத்தான் தேடுகிறது. அங்கே மீன் இருக்காது என்பதுதான் அதற்கு வேண்டிய பாதுகாப்பு. நகரத்து ஏரியில் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நிறைந்து கிடக்கின்றன. இரண்டும் வெளிநாட்டு மீன்கள், முட்டையை விட்டுவைக்காதவை. நீங்கள் விடும் ஜோடி முட்டையிட்டாலும் அது மீனுக்குத் தீனி. செங்குன்றத்தில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த கூச்சல் எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து, வரப்போரப் பள்ளத்திலிருந்து. அந்தப் பள்ளங்களின் மேல் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. தவளை தொலையவில்லை, தவளை இருந்த தண்ணீர் தொலைந்தது. செங்கல்பட்டுப் பக்கம், நன்மங்கலம் பக்கம் இன்னும் மழையிரவில் போனால் கேட்கலாம்.

கொசுவுக்கும் இந்தத் தவளைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. டெங்கு கொசு வளர்வது உங்கள் மாடித் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும். அங்கே எந்தத் தவளையும் ஏறி வரப்போவதில்லை. சங்கச் செயலாளரை மொட்டைமாடிக்கு அனுப்புங்கள்.

ராயபுரம் கப்பல்

டீச்சர் எழுதியதற்கு ஊர்க்காரன் சாட்சி. பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், என் வாய் இன்னும் மாறவில்லை. இப்போது வேலை நிமித்தம் ராயபுரத்தில் இருக்கிறேன், போய்வருவது கப்பலில்தான். கடல் அமைதியாக இருந்தால் மூன்று நாள், இல்லையென்றால் சாமி விட்ட வழி.

சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பக்கம் இப்படி ஒரு தவளை இருந்ததே இல்லை. எங்கள் சித்தப்பா வீட்டுக் குட்டையில்தான் முதலில் பார்த்தேன். அவர் மீன்குஞ்சு வாங்கிவிட்ட அடுத்த மழைக்காலம் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள், சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அதற்கடுத்த மழைக்காலத்தில் வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை, அவரவர் வீட்டிலேயே இருந்தது. கோழிக்குஞ்சு காணாமல் போனால் முதலில் பாம்பைத் திட்டுவார்கள், பிறகு மரநாயைத் தேடுவார்கள். ஒரு நாள் சித்தி விளக்கை அடித்துப் பார்த்தபோது குஞ்சின் இறகு இதன் வாயோரத்தில் ஒட்டியிருந்தது.

மே மாதத்தின் நடுவில் எங்கள் பக்கம் மழை பிடித்துவிடும், உங்களுக்கெல்லாம் முன்னால். முதல் மழை இரவில் சாலையோரப் பள்ளங்களில் பொடித் தவளைகளின் சத்தம் இருக்குமே, கிர்ர் கிர்ர் என்று காது வலிக்கும். எங்கள் தெருக்கோடிப் பள்ளத்தில் இப்போது அந்தச் சத்தம் இல்லை. பெரிய தவளைகளின் குரல் மட்டும் கேட்கிறது. இரண்டு தெரு தள்ளி, குட்டையே இல்லாத மேட்டுப் பக்கத்தில் இன்னும் பொடித் தவளை கத்துகிறது. இதற்கு ஆய்வு வேண்டாம், காது போதும்.

கொளத்தூர் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. உங்கள் மைத்துனர் தவளையைப் பிடித்துச் சாக்கில் கட்டி "வேறு பக்கம்" கொண்டுபோய் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்ல மனம் வராமல் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த "வேறு பக்கம்" என்பது அதுவரை தவளை போகாத ஓர் ஓடையாக இருக்கும். படகில் மீன்குஞ்சுப் பாத்திரம் இன்னொரு தீவுக்குப் போகும்போதும் இதே ஆபத்துதான். ஒரு ஜோடி போதும். ஒரு பெண் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். கோழிக்கூட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிறு கண் வலை. அடிவிளிம்பை மண்ணில் புதைத்து மேலே கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் நுழைந்துவிடும். குஞ்சுகளைப் பொழுது சாய்வதற்குள் கூட்டுக்குள் அடைத்துவிட வேண்டும். கோடையில் ஒரு முறை குட்டையை இறைத்துக் காயவிடுவது. முட்டை மிதப்பது கண்ணில் பட்டால் உடனே வாரி எடுத்து வெயிலில் மேட்டில் கொட்டிவிடுவது. வாத்துக்குஞ்சு இழப்பு இதில் நன்றாகக் குறைந்தது. தவளை குறைந்ததா என்று கேட்டால், பக்கத்து வீட்டுக் குட்டையையும் இறைத்தால்தான் சொல்ல முடியும், அவர் இறைக்கமாட்டார்.

கொளத்தூர் மீன்கடை

இருவருக்கும் நன்றி. திருப்பிக் கொண்டுவரும் யோசனையைக் கைவிட்டேன், மனமில்லாமல்தான். ஆனால் டீச்சர் எழுதிய "இன்னொரு முறை படியுங்கள்" வரி உறுத்துகிறது. ஏனென்றால் மைத்துனன் என்னிடம் ஒரு சரக்கு கேட்டிருக்கிறான்: குட்டையின் ஓரத்துக்குத் தாமரைக் கிழங்கு, அல்லிச் செடி, ரங்கட்டில் ஒரு விடுதிக்காரருக்குக் கொஞ்சம் பொன்மீனும் கோய் கெண்டையும். என் செடிகளைத் திறந்தவெளிச் சிமெண்டுத் தொட்டியில் மழையில்தான் வைத்திருக்கிறேன். அதில் என்னவெல்லாம் முட்டையிடும்? மீனோடு தலைப்பிரட்டை கலந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நெகிழிப் பையில் பிராணவாயு அடைத்து அனுப்பினால் அவை வழியிலேயே செத்துவிடாதா?

தாம்பரம் விலங்கியல்

சாகாது. மீனுக்காக நீங்கள் அடைக்கும் பிராணவாயு தலைப்பிரட்டைக்கும் சேர்த்துத்தான். மீன் உயிரோடு போய்ச் சேர என்னென்ன செய்கிறீர்களோ அத்தனையும் அதற்கும் உதவும்.

மீன்குஞ்சுப் பண்ணைகளில் அனுப்புவதற்கு முன் குஞ்சுகளை ஹாப்பா வலையில், அதாவது தண்ணீருக்குள் கட்டிய வலைத் தொட்டிலில் இட்டு, தீனி போடாமல் ஒரு நாள் வைத்திருப்பார்கள். வயிறு காலியானால் பையின் தண்ணீர் கெடாது என்பதற்காக. தலைப்பிரட்டையைப் பிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. குஞ்சுகளை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பாருங்கள். மீன்குஞ்சு ஒளியில் மினுங்கும், கூட்டமாகத் திரும்பும். தலைப்பிரட்டைக்குச் செதில் இல்லை, மினுங்காது. உருண்டைத் தலையும் வாலும்தான், தனித்தனியே அலையும். குத்துமதிப்பாகக் கண்ணாடிக் குவளையால் அள்ளி எண்ணும் வழக்கத்தில்தான் அது தப்பிப் போகிறது. கடைப்பையன் அவசரத்தில் அள்ளினால் உங்கள் படிப்பெல்லாம் வீண்.

உங்கள் சிமெண்டுத் தொட்டி சின்னதாக இருந்தால் பெருந்தவளை வருவது அரிது. ஆனால் நம் தேரை வரும். வாசல் விளக்கடியில் பூச்சிக்கு உட்கார்ந்திருக்குமே, அதே தேரை. சரம் சரமாகக் கறுப்பு முட்டையைச் செடித் தண்டில் சுற்றிவிடும். அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதே இனம் மடகாஸ்கரின் துறைமுக நகரமான டோமாசினாவைச் சுற்றிப் பரவியிருப்பது 2014-இல் தெரியவந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மடகாஸ்கரில் தேரை இனமே கிடையாது. தேரையின் நஞ்சைப் பார்த்தறியாத பாம்புகளும் மற்ற விலங்குகளும் அதைத் தின்று சாகின்றன. அந்நாட்டு விலங்குகள் 77 இனங்களின் மரபணுவைச் சோதித்ததில், ஒரே ஓர் எலியினத்தைத் தவிர எதற்கும் அந்த நஞ்சைத் தாங்கும் திறன் இல்லை. நம் பெருந்தவளையும் அங்கே முன்னமே குடியேறிவிட்டது, மாலத்தீவிலும் இருக்கிறது. வெளிநாட்டுத் தவளை நம் மண்ணுக்கு வரும் என்று பயந்த காலம் போய், நாம்தான் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

செடி விஷயத்தில் நான் கடுமையானவள். அனுப்பாதீர்கள். இலைக்கடியில் ஒட்டிய முட்டை, வேரில் சேற்றோடு ஒட்டிய நத்தை, எதையும் முழுதாகக் கழுவ முடியாது. அந்தமானில் அல்லி இல்லையா என்ன? அங்கேயே கேட்டு வாங்கட்டும். விடுதிக்காரரின் கோய் கெண்டை திறந்த குட்டைக்குப் போகாமல் சிமெண்டுத் தொட்டியோடு நிற்கும் என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம். எழுதிக் கொடுக்கமாட்டார்.

பல்லாவரம் பழைய மாலுமி

டார்வின் மொரீஷியஸ் என்று எழுதியதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். போர்ட் லூயிஸில் சில காலம் வேலை பார்த்தவன். அங்கே கோயில், காவடி, நம்மவர்கள் எல்லாம் உண்டு. சொந்தத் தவளை மட்டும் கிடையாது. இரவில் கத்துவது எல்லாம் வந்தேறி. ஒன்று மடகாஸ்கர் பக்கத்துத் தவளை. இன்னொன்று ஆப்பிரிக்கத் தேரை. கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்க 1922-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். அங்கிருந்து 1927-இல் ரீயூனியன் தீவுக்கும் போனது. வண்டு ஒழியவில்லை, தேரை ஒழியவில்லை, கரும்பும் இருக்கிறது.

டீச்சரிடம் ஒரு கேள்வி. அங்கே நான் பார்த்த தேரைகள் மிகச் சிறியவை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் அதே தேரையைப் பார்த்தபோது நல்ல பருமன். கண்ணின் மயக்கமா?

தாம்பரம் விலங்கியல்

மயக்கம் இல்லை மாலுமி ஐயா, கூர்மையான கண். மொரீஷியஸ், ரீயூனியன் தேரைகள் டர்பனில் இருந்து போனவைதான் என்று மரபணு காட்டியது. அளந்து பார்த்ததில், நூறு ஆண்டுக்குள் மொரீஷியஸ் பெண் தேரை தாய்நாட்டுத் தேரையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுத்துவிட்டது. தீவில் உடல் சிறுப்பது பல விலங்குகளில் தெரிந்ததுதான், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்று பாடம் நடத்தினோம். இத்தனை சீக்கிரம் என்பதுதான் புதிது. அந்தமானில் நம் பெருந்தவளையும் சிறுக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வாத்துக்குஞ்சு அதற்குள் தீர்ந்துவிடும்.

ராயபுரம் கப்பல்

ரங்கட் மைத்துனர் படத்தை வீணாக்க வேண்டாம். தெற்கு அந்தமானில் வண்டூரில் ஒரு கள ஆய்வு நிலையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை இருக்கிறதே, அவர்கள்தான் தொடங்கினார்கள். எந்த ஊர், எந்த மாதம், குட்டையிலா வயலிலா என்று எழுதிப் படத்தோடு அங்கே கொடுத்தால் பயன்படும். ரங்கட்டிலிருந்து தொலைவுதான், நான் அடுத்த முறை போகும்போது வேண்டுமானால் நானே எடுத்துப் போகிறேன்.

கொளத்தூர் மீன்கடை

மைத்துனனிடம் பேசிவிட்டேன். செடி இல்லை, மீன் இல்லை என்றதும், "அப்படியானால் நீங்கள் எனக்கு எதற்கு அத்தான்?" என்றான். கோழிக்கூட்டுக்கு வலை மட்டும் அனுப்புகிறேன் என்று சமாதானப்படுத்தினேன். கொல்ல மனமில்லாமல் இரண்டு சாக்குத் தவளையை முன்பு ஓடைக்கரையில் கொட்டியதையும் மெதுவாகச் சொன்னான். ராயபுரம் தம்பி சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. எந்த ஓடை, எப்போது என்று எழுதி வாங்கியிருக்கிறேன், படத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன். காசிமேட்டில் ஒரு நண்பர் பழைய வலை சும்மா தருகிறேன் என்கிறார், அது போதுமா?

ராயபுரம் கப்பல்

கடலில் போட்ட பழைய வலையின் கண் பெரிதாக இருக்கும், தவளைக்குட்டி நுழைந்துவிடும். குளத்தில் போட்டதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், சேற்றோடு என்ன வருமோ. சுண்டுவிரல் நுழையாத கண்ணில் புது வலையாக வாங்குங்கள். சுருட்டிக் கட்டி என்னிடம் கொடுத்தால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுகிறேன்.